புகாரை மூடும் உரிமை

“என்னங்க, அந்த வயரை இந்தப் பக்கம் கொடுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது வீடு இல்லை, அலுவலகத்தின் கூட்ட அறை. சுற்றிலும் இரண்டு அணிகளின் ஆட்கள். ப்ரொஜெக்டர் வயரை எடுத்துக் கொடுக்கக் குனிந்தவன் அவளுடைய கணவன்தான். ஆனால் இந்த அறைக்குள் அவன் புதிதாக வந்து சேர்ந்த அணியின் தலைவன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அறை முழுவதும் சிரித்தது. அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவனோ வயரின் முனையைப் பிடித்துக்கொண்டு, அதை எங்கே சொருகுவது என்பதே மறந்தவனாக நின்றான்.

அவளுடைய நிறுவனம் கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்வது. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது, அடுத்து யார் உள்ளே போகலாம் என்று திரையில் காட்டுவது, இந்த மாதிரி. கணவன் வேலை பார்த்த சின்ன நிறுவனம் மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்தது. அதைத்தான் போன மாதம் இவர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து காலையில் ஆளுக்கொரு திசையில் பஸ் ஏறிப் போனவர்களுக்கு இப்போது ஒரே பஸ், ஒரே மாடி, ஒரே காபி இயந்திரம். அலுவலகத்தில் அவனை எப்படிக் கூப்பிடுவது என்பதே அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘சார்’ என்றால் வாய்க்குள்ளேயே சிரிப்பு வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை.

பிரச்சினை அவளோடு நிற்கவில்லை. அவள் தலைமையில் வேலை பார்க்கும் அணி அவளை ‘அக்கா’ என்று கூப்பிடும். அவனுடைய அணிக்கு அவன் ‘அண்ணன்’.

“அண்ணன் வீட்டுக்காரம்மா எங்களுக்கு அண்ணிதானே?” என்று அவனுடைய அணியின் புரோகிராமர் ஆரம்பித்தான். மார்பு வரை தாடி வைத்திருந்ததால் அவனுக்குத் தாடி என்றே பெயர். “உங்களுக்கு அக்கான்னா, அண்ணன் உங்களுக்கு மாமா. அப்ப நாமெல்லாம் என்ன முறை?”

“சம்பந்திங்க” என்றாள் ஹலோ. கிளினிக் அணியில் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பெண். எதிரே வந்து நிற்பவரிடமும் ‘ஹலோ’ சொல்லித்தான் பேசத் தொடங்குவாள். “சீக்கிரம் சண்டையும் வந்துடும் பாருங்க.”

சண்டையை மேடம்தான் கொண்டு வந்தார். நிறுவனத்தின் சொந்தக்காரர், நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, நடந்துகொண்டேதான் பேசுவார். அன்றும் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, சுவரில் தன் நிழலை ஓடவிட்டுக்கொண்டே சொன்னார்:

“ரெண்டு டீம், வேலையைக் கண்காணிக்க ரெண்டு சாஃப்ட்வேர். ஒரு பக்கம் முடிஞ்ச வேலை இன்னொரு பக்கம் தெரியல. இந்த வார கடைசிக்குள்ள ஒண்ணே ஒண்ணு வேணும். யாரோட சாஃப்ட்வேரை எடுக்கறோமோ, அவங்கதான் ரெண்டு டீமுக்கும் லீட். அதை நல்லா தெரிஞ்சவங்கதானே மத்தவங்களை வேலை வாங்க முடியும்?”

“இன்னொருத்தர், மேடம்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அவருக்கு வேற ஏதாவது பார்க்கலாம்.”

‘வேற ஏதாவது’ என்றால் என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அங்கே நெடுநாள் இருந்தவர்கள் கிடையாது.

“யாரு முடிவு பண்றது மேடம்?” என்று அவள் கேட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும்தான். ஒரே வீட்டுக்குத்தானே போறீங்க? பேசிட்டு ஒரே பதிலா வாங்க” என்று சொல்லிவிட்டு மேடம் நடந்த வேகத்திலேயே கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. இரண்டு அணிகளையும் நடத்தும் பொறுப்பு அவளுக்கு வேண்டியிருந்தது. யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, கணவனிடம்கூட. பல வருஷமாகக் காத்திருந்த நாற்காலி. ஆனால் அதில் அவள் உட்கார்ந்தால் அவன் வெளியே போக வேண்டும். அவன் உட்கார்ந்தால் அவள்.

* * *

அவளுடைய அணி வைத்திருந்த மென்பொருளைப் ‘போர்டு’ என்பார்கள். திரையில் மூன்று பத்திகள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. வேலையைச் செய்தவர் கார்டைப் பிடித்து இழுத்துக் கடைசிப் பத்தியில் போட்டால் ஆயிற்று. சின்னதாக ஒரு மணியோசை கேட்கும். அந்த ஓசைக்காகவே உழைக்கிறவர்கள் அவளுடைய அணியில் இருந்தார்கள்.

அவனுடைய அணியின் மென்பொருளுக்குக் ‘கியூ’ என்று பெயர். அழகெல்லாம் கிடையாது. புகார்கள் வரிசையாக நிற்கும். புரோகிராமர் சரிசெய்யலாம், ‘செய்துவிட்டேன்’ என்று எழுதலாம், ஆனால் புகாரை மூட முடியாது. யார் புகார் சொன்னாரோ அவர்தான், சரியாகிவிட்டது என்று பார்த்து, மூட வேண்டும். அது கணவன் போட்ட சட்டம். “வலி போயிடுச்சான்னு டாக்டர் எப்படிச் சொல்ல முடியும்? நோயாளிதான் சொல்லணும்” என்பான். அவனுடைய ஆட்கள் அதை வேதவாக்காக நம்பினார்கள். அவளுடைய ஆட்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். “கடைக்காரர் வந்து மூடற வரைக்கும் காத்திருந்தா நாங்க என்னிக்கு வீட்டுக்குப் போறது?”

முடிவெடுக்க அவள் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு, எது எளிது, எது வேகம், எது அறிக்கை தரும் என்று மதிப்பெண் கொடுத்தாள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமம். அறிக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்தாள், கியூ முன்னால் வந்தது. மனசு கேட்காமல் எளிமைக்கும் எடை கொடுத்தாள், மறுபடி சமம். அழித்து அழித்து எழுதியதில் அவளுடைய கைவிரல்கள் நீலமாகிவிட்டன.

பேசாமல் மூன்றாவதாக ஒன்றை எடுத்துவிட்டால் வம்பே இல்லையே என்று தோன்றியது. விற்பனைக்காரர்களை வரவழைத்தாள். கழுத்துப் பட்டை கட்டிய ஒரு பையன் வந்து திரையில் வண்ணவண்ணமாகக் காட்டினான்.

“இதுல புகார் சொன்னவங்களே மூட முடியுமா?”

“முடியுங்க.”

“செஞ்சவங்களே மூடறதும் முடியுமா?”

“தாராளமா.”

“ரெண்டுல எது நல்லது?”

“உங்க விருப்பம்தாங்க. எப்படி வேணும்னாலும் வச்சுக்கலாம்.”

“எது முடியாதுன்னு ஒண்ணு சொல்லுங்களேன்.”

பையன் திருதிருவென்று விழித்தான். அப்படி ஒரு கேள்வியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. மறுநாள் வந்தவர்களும் இதையே வேறு வண்ணத்தில் சொன்னார்கள். எல்லாமே முடியும் என்றால் எதை வைத்து ஒன்றை ஒதுக்குவது? தாடி வந்து, திரை கறுப்பாக இருக்கிற மென்பொருளே கண்ணுக்கு நல்லது என்றான். ஹலோ வந்து, எதை எடுத்தாலும் பாஸ்வேர்டு மறந்துபோகாத மாதிரி இருக்க வேண்டும் என்றாள். அவள் மார்க்கரை மூடி மேஜையில் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

* * *

வீட்டில் குழப்பம் வேறு ரூபத்தில் உட்கார்ந்திருந்தது.

“போர்டையே எடுத்துக்கலாம்” என்றான் கணவன், உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே. “எல்லாருக்கும் சுலபம். உன் டீம் பெருசு. பழகினது.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கியூவுக்காகப் பழைய முதலாளியோடு மல்லுக்கு நின்றவன் இவன். “நீங்களா சொல்றீங்க? சொன்னவங்கதான் மூடணும்னு ஊரெல்லாம் பாடம் எடுத்தீங்களே!”

“அது மருந்துக்கடைக்கு. கிளினிக்குக்கு அவ்வளவு தேவையில்ல.”

“ஏன் தேவையில்ல? அங்கே இன்னும் அதிகமா தேவை. கியூதான் சரி.”

“போர்டுதான் சரின்னு நீதானே அன்னிக்கு அடிச்சுப் பேசின?”

“அது அன்னிக்கு!”

சோபாவின் மறுகோடியில் கால்மேல் கால் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். கணவனின் தங்கை. வங்கி வேலை கிடைத்ததிலிருந்து இவர்களோடுதான் இருந்தாள். அண்ணன் பக்கமா அண்ணி பக்கமா என்று கேட்டால் சிரிப்பின் பக்கம் என்பாள்.

“ஒரு நிமிஷம். எனக்குப் புரியல. அண்ணன் அண்ணியோட கட்சி, அண்ணி அண்ணனோட கட்சி. அப்ப சண்டை யாருக்கும் யாருக்கும்?”

“சண்டை ஒண்ணும் இல்ல” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அதான் பார்த்தேன். உங்களுக்குக் கிடைச்ச மாதிரி புருஷன் யாருக்கும் கிடைக்காது அண்ணி. விட்டுக்கொடுக்கறதுக்குன்னே பிறந்தவன்.”

நாத்தனார் சொன்னது பொய்யில்லை. அவள் ஒன்றைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் அதைச் சரிசெய்து முடித்திருப்பான். ஜன்னல் ஆடுகிறது என்று சொன்னால் அன்று மாலையே அட்டையை மடித்துச் செருகி, “முடிஞ்சுது” என்பான். ஜன்னல் ஆடாது. ஆனால் திறக்கவும் வராது. களைப்பாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். மறுநாள் சமையலுக்கு ஒரு அம்மாள் வந்து நின்றார். அவள் கேட்டது சமையல்காரம்மாவை இல்லை. தன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, என்ன களைப்பு என்று அவன் கேட்டிருந்தால் போதும். அதை எப்படிச் சொல்வது? இவ்வளவு செய்கிறவனிடம் குறை சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? போகட்டும் என்று விட்டுவிடுவாள். அவனும், முடிந்தது என்று நினைத்துக்கொள்வான்.

இப்போது எதை முடித்துவிட்டு இவன் இத்தனை அமைதியாகத் துணி மடிக்கிறான்? அவளுக்கு விளங்கவில்லை. விட்டுக்கொடுக்கிறானா, இல்லை அவள் நிழலில் வேலை பார்க்கப் பிடிக்காமல் விலகுகிறானா? கேட்டால், “சும்மா யோசிக்காதே” என்றான். யோசிக்காமல் இருப்பது எப்படி என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

* * *

வாரத்தின் நடுவில் அந்தக் கூத்து நடந்தது.

போர்டிலிருக்கும் பழைய கார்டுகளைக் கியூவுக்குள் கொண்டுபோக முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். தாடி அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதினான். கணவன் அதைச் சரிபார்த்தான். மதிய உணவுக்கு முன்னால் தாடி பொத்தானை அமுக்கினான். பல வருஷத்துக் கார்டுகள் மளமளவென்று கியூவுக்குள் இறங்கின. ‘முடிந்தது’ பத்தியில் இருந்தவை எல்லாம், ‘செய்தாயிற்று, சொன்னவர் மூட வேண்டும்’ என்ற இடத்தில் போய் நின்றன. பிசிறில்லாமல் வந்திருக்கிறதே என்று மூவரும் கைகுலுக்கிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. ஹலோ காதுக்கொன்றாக இரண்டை வைத்துக்கொண்டு, எதில் பேசுகிறோம் என்று தெரியாமல் இரண்டிலும் ஹலோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா! கிளினிக்காரங்க எல்லாரும் கேக்கறாங்க, ‘சரியாகிடுச்சா?’ன்னு நாம மெயில் அனுப்பியிருக்கோமாம். எதுன்னு கேட்டா, என்னிக்கோ சொன்னதாம்!”

தாடியின் முகம் தாடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. கணவன் நெற்றியில் அறைந்துகொண்டான்.

விஷயம் இதுதான். கியூவில் ஒரு புகார் அந்த இடத்துக்கு வந்துவிட்டால், புகார் சொன்னவருக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் போகும்: ‘உங்கள் குறை சரியாகிவிட்டதா? ஆம், இல்லை.’ ஆம் என்று அழுத்தினால் மூடிக்கொள்ளும். இல்லை என்றால் புகார் மறுபடி உயிர் பெற்று வரிசையில் நிற்கும். கணவனின் அணிக்கு இது மூச்சுவிடுவது மாதிரி. அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தார்கள். அவளுடைய அணிக்கோ, வாடிக்கையாளரைத் திரும்பக் கேட்கிற மென்பொருள் உலகத்தில் உண்டு என்றே தெரியாது. மறந்தவர்களும் தெரியாதவர்களும் சேர்ந்து, இத்தனை வருஷத்தில் குறை சொன்ன ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரே மதியத்தில் குசலம் விசாரித்திருந்தார்கள்.

மெயிலை நிறுத்தினார்கள். பதில்களை நிறுத்த முடியவில்லை. அவள் திரையின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

‘ஆம். ஆனால் இதைக் கேட்க உங்களுக்கு இவ்வளவு காலமா?’

‘புகார் கொடுத்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இருந்தவரை சரியாகவில்லை. இப்போது யாரும் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை.’

‘இல்லை.’

‘இல்லை. இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் முடிந்தது என்றீர்கள்.’

‘இல்லை. சரியாகவில்லை. பழகிவிட்டது.’

கடைசிப் பதிலில் அவள் கண் நின்றது. ஏதோ ஒரு கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்திருக்கும் யாரோ எழுதியது. நோயாளியின் வயதைப் போட்டால் பெயர் அழிந்துபோகிறது என்பது புகார். அவளுடைய அணி அதைச் சரிசெய்து, கார்டை இழுத்து, மணியோசை கேட்டு, வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணோ தினமும் பெயரை இரண்டாம் தடவை அடித்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிச் சொல்லிப் பார்த்து, பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

தன் அணி மோசமா? இல்லை, நல்ல பிள்ளைகள், உயிரைக் கொடுத்து உழைக்கிறவர்கள். செய்தோம் என்றுதான் நம்பினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிறகு எங்கே தப்பு? முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் அங்கே இருந்தார். இங்கே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த ‘பழகிவிட்டது’ ஏன் தன் சொந்தக் கையெழுத்து மாதிரியே இருக்கிறது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியது, ஆனால் விளங்காத மாதிரியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

* * *

கடைசி நாள். பதில் சொல்லும் நேரத்துக்கு முன்பே மேடம் அவளைத் தனியாக வழியில் மடக்கினார். ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் நடந்தபடியே, “அப்ப போர்டுதானே? அறிவிச்சுடலாமா?” என்றார்.

“இன்னும் முடிவு பண்ணலையே மேடம்.”

“அப்படியா? உங்க வீட்டுக்காரர் திங்கட்கிழமையே வந்து சொல்லிட்டாரே. போர்டை எடுத்துக்குங்க, இந்த மாசத்தோட நான் விலகிக்கறேன்னு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.” மேடம் முதல் தடவையாக நின்றார். “தெரியாதா?”

அவள் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். கணவன் அங்கேதான் இருப்பான். யோசிக்க வேண்டுமென்றால் அவன் மாடிப்படியில் உட்காருவான். உட்கார்ந்திருந்தான்.

“திங்கட்கிழமையே சொல்லியாச்சாமே?”

அவன் எழுந்து நின்றான். குட்டு வெளிப்பட்ட பையனைப்போல் கையைப் பிசைந்தான். “உனக்குச் சங்கடம் வேணாம்னு பார்த்தேன். நீ அந்த வேலைக்கு ஆசைப்பட்டேன்னு எனக்குத் தெரியும்.”

“நான் சொன்னேனா?”

“சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?”

“தெரியும். எல்லாம் உங்களுக்குத் தெரியும்.” அவள் குரல் உடைந்தது, கோபத்திலா அழுகையிலா என்று அவளுக்கே தெரியவில்லை. “அப்புறம் என்ன இழவுக்கு நான் ஒரு வாரமா கட்டம் போட்டுக்கிட்டிருந்தேன்? விரலைப் பாருங்க! நீங்க பக்கத்துல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு, போர்டு நல்லதுன்னு கதை விட்டீங்க. நான் பைத்தியக்காரி மாதிரி கியூவுக்கு வாதாடினேன்.”

“நல்லதுக்குத்தானே பண்ணேன்.”

“அதான் பிரச்சினையே! கெட்டதுக்குப் பண்ணியிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிடுவேன். ஆபீஸ்ல என்ன சட்டம் போட்டீங்க? சொன்னவங்கதான் மூடணும், வலி போச்சான்னு நோயாளிதான் சொல்லணும். வீட்டுல? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே பார்த்து, நீங்களே செஞ்சு, நீங்களே முடிஞ்சுதுன்னு மூடிடறீங்க. ஒரு தடவையாவது, ‘சரியாகிடுச்சா?’ன்னு என்னைக் கேட்டிருக்கீங்களா?”

அவன் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு குழப்பம் பரவியது.

“அந்த ஜன்னல்...” என்றான் மெதுவாக.

“திறக்காது.”

“சமையல்காரம்மா?”

“நல்லவங்க. ஆனா நான் கேட்டது அவங்களை இல்ல.”

“போன வருஷம் உங்க அம்மாவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வச்சிருந்தது?”

“அது சரியாகிடுச்சு. அது ஆம்தான்.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

அவன் மறுபடி படியில் உட்கார்ந்தான். அவளும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். கீழே வாசலில் யாரோ பார்சலுக்குக் கையெழுத்துக் கேட்டுக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“இப்ப இது?” என்றான் அவன். “நான் வேலையை விடறது. இது சரியா?”

“இல்ல.”

“அப்ப என்ன பண்ணணும்?”

“அதைத்தான் ஒண்ணா உக்காந்து யோசிக்கணும்னு சொல்றேன். எனக்கு அந்தப் பொறுப்பு வேணும். இதை நான் வாயால சொல்றது இதுதான் முதல் தடவை. ஆனா நீங்க தானம் பண்ணி எனக்கு வேணாம். உங்களுக்கு என்ன வேணும்?”

எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று தெரிந்தவனிடம் அவனைப் பற்றிக் கேட்டால் கையில் ஒன்றுமில்லை.

“தெரியல” என்றான். “போகணும்னு இல்ல. ஆனா... அண்ணன் அண்ணன்னு எல்லாரும் வந்து நிக்கறப்ப, எப்படா உக்காந்து ஒரு வரி புரோகிராம் எழுதுவோம்னு இருக்கு. அது களைப்பா, ஆசையான்னு தெரியல. நெஜமா தெரியல.”

எத்தனையோ வருஷத்தில் அவன் அவளிடம் சொன்னவற்றில் அந்தத் ‘தெரியல’தான் அவளுக்கு மிகவும் நெருக்கமாக வந்து உட்கார்ந்தது. அவள் தள்ளியிருந்த ஒரு படியை நகர்ந்து கடந்தாள்.

* * *

மேடத்தின் அறையில் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“கியூ, மேடம்” என்றாள் அவள்.

“நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்” என்றான் அவன்.

மேடம் நடப்பதை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரே பதிலா வாங்கன்னு சொன்னேன்.”

“ஒரே பதில்தான். கியூவை எடுத்துக்கறோம். இந்த வாரம் எங்க கிளினிக்காரங்க எழுதினதைப் படிச்சா வேற எதையும் எடுக்க மனசு வராது. முடிஞ்சுதுன்னு நாங்க நினைச்சதுல எவ்வளவோ முடியல. அதையெல்லாம் முடிக்கற பொறுப்பை என்கிட்ட கொடுங்க. ரெண்டு டீமையும் நான் நடத்தறேன்.”

“சாஃப்ட்வேர் அவரோடது. லீட் நீங்க. நான் சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கே?” மேடம் புருவத்தைச் சுருக்கினார். “அப்ப இவர் என்ன பண்ணுவார்?”

“அது இன்னும் தெரியல மேடம்” என்றான் கணவன். “புரோகிராம் எழுதலாம்னு பார்க்கறேன். சரிப்பட்டு வருதான்னு நான்தான் சொல்லணும். கொஞ்ச நாள் ஆகும்.”

“எனக்கு ஒண்ணுமே புரியல” என்றார் மேடம். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்திராத வகையில் நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தார். “சரி. முதல்ல அந்த ‘இல்லை’ எல்லாத்தையும் எனக்குக் காட்டுங்க.”

அவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். மேடம் கன்னத்தில் கைவைத்துக் கீழே கீழே படித்துக்கொண்டே போனார். நடுவில் ஒருதரம், “இந்தம்மா இன்னுமா பேரை ரெண்டு தடவை அடிக்குது?” என்றார். கடைசியில், “போய் ஆரம்பிங்க” என்றார். அது சம்மதமா, விட்டால் போதும் என்பதா என்று இருவருக்கும் புரியவில்லை. வெளியே வந்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் அவர்களைப் பார்த்ததும் தாடியும் ஹலோவும் பேச்சை நிறுத்தி, முகத்தை வைத்து எதையாவது கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். எதுவும் கிடைத்திருக்காது. அவன் அவளோடு ஒட்டியபடி நடந்து, யாருக்கும் கேட்காத குரலில், “கோபமா?” என்றான்.

“ஆமா.”

“எப்ப தீரும்?”

“தெரியல. தீர்ந்தா நான் வந்து சொல்றேன். நீங்களா மூடிடாதீங்க.”

அவன் தலையாட்டினான். அவளுடைய மேஜையில் தொலைபேசி அடித்தது. பெயரை இரண்டு தடவை அடிக்கிற அந்தக் கிளினிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எட்டி எடுத்தாள்.